நாக்அவுட் எலியை உருவாக்குவதும் அதன் ஜீனோடைப்பைப் படிப்பதும்

புற்றுநோய் ஆய்வில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். பி53 −/− எலியை, அதாவது கட்டி வராமல் தடுக்கும் பி53 மரபணுவின் இரண்டு பிரதிகளையும் உடைத்த நாக்அவுட் எலியை, எப்படி உருவாக்குகிறார்கள்? ஒரு கட்டுரையில் டிஎம்1டிஒய்ஜே என்றும் இன்னொன்றில் டிஎம்1பிஆர்டி என்றும் போட்டிருக்கிறார்களே, இரண்டும் ஒரே எலிதானா? பத்து ஆண் −/− எலிகள் கையில் வேண்டுமென்றால் எத்தனை குட்டிகள் பிறக்க வேண்டும்?

நடுக்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒரே எலி இல்லை. 1992இல் ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரியில் டோனஹோவரும் பிராட்லியும் சேர்ந்து உருவாக்கிய எலியில், பி53 மரபணுவின் ஐந்தாம் எக்ஸானுக்குள் (எக்ஸான் என்பது புரதத்துக்கான செய்தி இருக்கும் துண்டு) ஓர் அந்நியத் துண்டு செருகப்பட்டிருந்தது. பிராட்லியின் பெயரிலிருந்து வந்ததுதான் பிஆர்டி. எம்ஐடியில் டைலர் ஜாக்ஸ் குழு உருவாக்கிய எலியிலோ, இரண்டாம் எக்ஸானிலிருந்து ஆறாம் எக்ஸான் வரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு துண்டை வைத்தார்கள். புரதத்தின் தொடக்கக் குறியும் அதோடு போய்விட்டது. டைலர் ஜாக்ஸின் சுருக்கம் டிஒய்ஜே. இரண்டு எலியிலும் பி53 வேலை செய்யாது, இரண்டுக்கும் கட்டிகள் வரும், கட்டுரைகளில் இரண்டையும் −/− என்றே எழுதுவார்கள். ஆனால் அந்தக் கழித்தல் குறி எதை வெட்டினார்கள், எதை விட்டுவைத்தார்கள், எந்த இன எலியில் செய்தார்கள் என்ற எதையும் சொல்வதில்லை. எலியை உருவாக்கிய விதம் தெரியாமல் ஜீனோடைப்பை, அதாவது எந்தப் பிரதி இயல்பானது, எது உடைந்தது என்ற குறிப்பை, படித்தால் பாதிதான் படித்ததாகும். அதனால் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அதே ஆண்டில் கலிபோர்னியாவில் கெயில் மார்ட்டின் தனியாகவும், சுண்டெலியின் ஆரம்பக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்ப்புத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். இந்தச் செல்களைத் தட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் பெருக்கலாம். பிறகு ஒரு கருவுக்குள் திருப்பி வைத்தால் உடலின் எந்த உறுப்பாகவும் மாறும், விந்தணுவாகவும் முட்டையாகவும்கூட. மரபணுவைத் தட்டிலேயே மாற்றிவிட்டு அதை ஒரு எலியின் சந்ததிக்குள் கடத்தும் வழி இப்படித் திறந்தது.

மாற்றுவது எப்படி என்பது அடுத்த சிக்கல். வெளியிலிருந்து டிஎன்ஏவைச் செலுத்தினால் செல் அதைப் பெரும்பாலும் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மிக அரிதாக மட்டும், தன் வரிசையோடு ஒத்துப்போகும் இடத்தைத் தேடி, அங்கிருந்த பழைய துண்டை வெளியேற்றிவிட்டுப் புதியதை உட்கார வைக்கும். இதற்கு ஹோமோலோகஸ் ரீகாம்பினேஷன் என்று பெயர். பாலூட்டிச் செல்களில் இதை நம்பி வேலை செய்ய முடியும் என்று மரியோ கபெச்சி 1980இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்திடம் நிதி கேட்டபோது, அந்தப் பகுதியை விட்டுவிடும்படி மதிப்பீட்டாளர்கள் சொன்னார்கள். அவர் மற்ற திட்டங்களுக்கு வந்த பணத்தை இதில் போட்டு வேலையைத் தொடர்ந்தார். 1984இல் முடிவுகளோடு மறுபடி விண்ணப்பித்தபோது, எங்கள் பேச்சைக் கேட்காததில் மகிழ்ச்சி என்ற பொருளில் பதில் வந்தது. அதே காலத்தில் ஆலிவர் ஸ்மித்தீஸும் விஸ்கான்சினில் தனியாக இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். எவன்ஸ், கபெச்சி, ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டெம் செல்லில் முதலில் குறிவைக்கப்பட்டது ஹெச்பிஆர்டி என்ற மரபணு, 1987இல். அதைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; ஆண் செல்லில் ஒரே பிரதிதான், ஒரு அடி போதும். அதோடு, ஹெச்பிஆர்டி வேலை செய்யும் செல்களுக்கு 6-தயோகுவானின் என்ற மருந்து நஞ்சு. அந்த மரபணுவை இழந்த செல்கள் மட்டும் பிழைக்கும். கோடிச் செல்களில் வெற்றி பெற்ற சிலவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை, மருந்தே பொறுக்கிக் கொடுத்துவிடும்.

மற்ற மரபணுக்களுக்கு இந்த வசதி கிடையாது. அதற்குக் கபெச்சியின் குழு 1988இல் வைத்த ஏற்பாடு இன்றும் பாடத்தில் இருக்கிறது. குறிவைத்த மரபணுவின் இருபுறத்து வரிசைகளையும் நீளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இவை இரண்டும் கைகள். நடுவில், முக்கியமான எக்ஸான் இருக்க வேண்டிய இடத்தில் நியோமைசின் எதிர்ப்பு மரபணு. கைகளுக்கு வெளியே, ஒரு ஓரத்தில், ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணு. இந்தத் துண்டை மின் அதிர்ச்சி கொடுத்துச் செல்களுக்குள் ஏற்றுகிறார்கள். பிறகு ஜி418 மருந்தை ஊற்றினால் துண்டை வாங்காத செல்கள் சாகும். கான்சைக்ளோவிர் ஊற்றினால், துண்டைக் கண்ட இடத்தில் ஓரத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டவை சாகும், ஏனென்றால் கைனேஸ் அந்த மருந்தை நஞ்சாக மாற்றிவிடும். சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஓரம் கழன்று போயிருக்கும். அந்தச் செல் தப்பிக்கும். தப்பியவற்றையும் அப்படியே நம்பக்கூடாது. ஒவ்வொரு குளோனையும் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) சதர்ன் பிளாட் என்ற டிஎன்ஏ சோதனை செய்து, இரு கைகளும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்தே அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்தக் கட்டத்தில் செல்லில் ஒரு பிரதிதான் உடைந்திருக்கும்.

இனி செல்லிலிருந்து எலிக்கு. ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் 129 என்ற இனத்திலிருந்து வந்தவை. அந்த இனத்தின் மயிர் அகூட்டி நிறம், அதாவது ஒவ்வொரு மயிரிலும் மஞ்சள் வளையம் ஓடும் பழுப்பு. கருப்பு நிறமுள்ள பி6 என்ற இன எலியிலிருந்து மூன்றரை நாள் வயதான கருவை எடுத்து, மெல்லிய கண்ணாடி ஊசியால் பத்துப் பதினைந்து ஸ்டெம் செல்களை உள்ளே விடுகிறார்கள். வாசெக்டமி செய்த ஆணோடு இணைசேர்ந்து பொய்ச்சினையில் இருக்கும் பெண் எலியின் கருப்பையில் அந்தக் கருவை வைத்தால், குட்டி கருப்பும் பழுப்பும் கலந்து பிறக்கும். இதுதான் கைமேரா. பழுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நம்பிக்கை. ஆனால் தோல் நிறம் வேறு, விந்தணு வேறு. பார்க்க முழுப் பழுப்பாக இருக்கும் கைமேராவும் சில சமயம் கருப்புக் குட்டிகளை மட்டுமே கொடுக்கும். அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

ஸ்டெம் செல்கள் ஆண் செல்களாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கைமேரா ஆணாக இருந்தால் குறுகிய காலத்தில் பல பெண்களோடு இணைசேர்ந்து நிறையக் குட்டிகளைக் கொடுக்கும். அதைக் கருப்புப் பெண்ணோடு சேர்க்கும்போது ஒரு பழுப்புக் குட்டி பிறந்தால், அகூட்டி ஓங்கு பண்பு என்பதால், அந்த விந்தணு நாம் வைத்த செல்லிலிருந்துதான் வந்தது என்று உறுதி. அப்படிப்பட்ட பழுப்புக் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு உடைந்த பிரதி இருக்கும். அவைதான் +/−. இரண்டு +/− எலிகளைச் சேர்த்தால் +/+, +/−, −/− மூன்றும் 1:2:1 கணக்கில் வரவேண்டும்.

எது எது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கும் மூன்றாம் வாரத்தில், காதில் அடையாளத் துளை போட எடுத்த துணுக்கையோ வால் நுனியையோ கரைத்து டிஎன்ஏ எடுத்துப் பிசிஆர் செய்வார்கள். வழக்கமாக மூன்று பிரைமர்கள், அதாவது குறிப்பிட்ட வரிசையில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்: ஒன்று பொது, ஒன்று இயல்பான பிரதியில் மட்டும் ஒட்டும், ஒன்று செருகிய துண்டில் மட்டும் ஒட்டும். ஜெல்லில் இயல்பான பட்டை மட்டும் தெரிந்தால் +/+, இரண்டும் தெரிந்தால் +/−, மாறிய பட்டை மட்டும் தெரிந்தால் −/−. எக்ஸ் குரோமோசோம் மரபணுவானால் ஆணை −/− என்று எழுதக்கூடாது, −/ஒய் என்று எழுத வேண்டும். இந்தப் பிழையை அச்சான கட்டுரைகளிலேயே பார்க்கலாம். இன்னொன்று: பிசிஆர் சொல்வது டிஎன்ஏவைப் பற்றி மட்டும். புரதம் உண்மையில் இல்லையா என்பதை வெஸ்டர்ன் பிளாட் தான் சொல்லும். செருகிய துண்டைத் தாண்டிக் குதித்து, குறுகிய ஆனால் பாதி வேலை செய்யும் புரதத்தைச் செல் தயாரித்துக்கொள்வது நடக்கும். அப்படிப்பட்ட எலிக்கு −/− என்று பெயர் வைப்பது அவசரம்.

1:2:1 வராமல் போவதுதான் பல நேரம் பெரிய செய்தி. நூறு குட்டிகளில் 33 +/+, 67 +/−, ஒரு −/− கூட இல்லை என்றால், அந்த மரபணு இல்லாமல் கரு பிறப்பு வரை வரவில்லை என்று பொருள். சர்வதேச எலிப் பண்பறி கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட முடிவில், முதல் 1,751 மரபணுக்களில் 410 இல்லாவிட்டால் இப்படி ஒரு குட்டியும் பிழைப்பதில்லை. குறைவாகப் பிறப்பவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எந்த நாளில் சாகிறது என்று தெரிய, இணைசேர்ந்த மறுநாள் காலை பெண்ணின் யோனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அன்றைய நண்பகலை அரை நாள் என்று வைத்து எண்ணிக்கொண்டே போய்க் கருக்களை எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது எம்டிஎம்2 சோதனை. எம்டிஎம்2 −/− கரு, கருப்பையில் ஒட்டும் சமயத்திலேயே செத்துவிடும். எம்டிஎம்2 புரதம் பி53ஐ அடக்கி வைப்பது என்று அப்போது தெரியும். அடக்குவது இல்லாததால் பி53 அளவுமீறிச் செல்களைக் கொன்றுவிடுகிறதோ? 1995இல் இரண்டு குழுக்கள் இரண்டு மரபணுக்களுக்கும் +/− ஆன எலிகளை ஒன்றோடொன்று சேர்த்தன. அவை வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் இரண்டுமே −/− ஆக வர 16இல் ஒரு வாய்ப்பு. எம்டிஎம்2 −/−, பி53 −/− குட்டிகள் உயிரோடு பிறந்தன, வளர்ந்தன. எம்டிஎம்2 −/− உடன் பி53 +/− அல்லது +/+ ஆனவை ஒன்றுகூடப் பிறக்கவில்லை. ஒரு புரதம் இன்னொன்றின் மேல் அமர்ந்திருக்கிறது என்பதை ஜீனோடைப் அட்டவணை ஒன்றே நிரூபித்துவிட்டது.

இனிப் பெயர்கள். சுண்டெலி மரபணுவின் குறியீட்டில் முதல் எழுத்து மட்டும் பெரியது, சாய்வெழுத்து. மனித மரபணுவுக்கு எல்லாமே பெரிய எழுத்து. பி53 மரபணு எலியில் டிஆர்பி53, மனிதரில் டிபி53. எந்த அல்லீல், அதாவது மரபணுவின் எந்த வடிவம், என்பதை மேலெழுத்தாகப் போடுவார்கள். டிஎம் என்றால் குறிவைத்து மாற்றியது, 1 என்றால் அந்த மரபணுவில் அந்தக் கூடம் செய்த முதல் மாற்றம், கடைசியில் கூடத்தின் குறி. டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கருவியால் செய்ததானால் டிஎம் இடத்தில் இஎம் வரும். எலி இனத்தின் முழுப்பெயரில் பி6 என்பதற்குப் பின் ஒரு புள்ளியும் 129 என்பதும் இருந்தால், 129இல் செய்த மாற்றத்தைப் பி6 எலிகளோடு தலைமுறை தலைமுறையாகத் திருப்பித் திருப்பிக் கலந்து பி6 ஆக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதே இடத்தில் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருந்தால் இரண்டு இனமும் கலந்து கிடக்கிறது. ஒரு நிறுத்தற்குறி என்று தாண்டிப் போய்விடாதீர்கள்; ஒரு கட்டுரையை நம்பலாமா என்று நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காரணத்தைக் கேஸ்பேஸ்-1 கதை சொல்லும். 1995இல் இரண்டு குழுக்கள், கேஸ்பேஸ்-1 என்ற நொதியின் மரபணுவை உடைத்து, கேஸ்பேஸ்-1 −/− எலிகளை உருவாக்கின. பாக்டீரியாவின் நச்சுக்கொழுப்பான எல்பிஎஸ்ஸைச் சாகடிக்கும் அளவு ஏற்றியும் அவை பிழைத்தன. ஆகவே நச்சு அதிர்ச்சியில் கொல்வது கேஸ்பேஸ்-1 என்று பாடமாகிவிட்டது. பல ஆண்டுகள் பல கூடங்கள் அதன்மேல் கட்டடம் கட்டின. 2011இல் ஜெனென்டெக் நிறுவன விஞ்ஞானிகள் இன்னொன்றைக் கவனித்தார்கள். ஸ்டெம் செல் வந்த 129 இனத்தில் கேஸ்பேஸ்-11 இயற்கையாகவே உடைந்திருக்கிறது. கேஸ்பேஸ்-1, கேஸ்பேஸ்-11 இரண்டும் ஒன்பதாம் குரோமோசோமில் ஒட்டியே இருப்பவை. ஒவ்வொரு முறை பி6 எலியோடு கலக்கும்போதும் 129இன் பங்கு பாதியாகும், பத்தாம் தலைமுறையில் சுமார் 0.1 சதவீதம்தான் மிஞ்சும் என்பது கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு மற்ற குரோமோசோம்களுக்குத்தான் பொருந்தும். நாம் விடாமல் தேர்ந்தெடுக்கும் உடைந்த மரபணுவின் அக்கம்பக்கம் அதனோடு ஒட்டிக்கொண்டே வரும். அப்படி, கேஸ்பேஸ்-1 −/− என்று எல்லோரும் வளர்த்த எலிகளில் கேஸ்பேஸ்-11உம் இல்லை. அந்த எலிக்குக் கேஸ்பேஸ்-11ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தபோது எல்பிஎஸ்ஸில் செத்தது. கேஸ்பேஸ்-11 மட்டும் இல்லாத எலி பிழைத்தது. அதன் பிறகு கவனமானவர்கள் கேஸ்பேஸ்-1 −/− என்பதோடு கேஸ்பேஸ்-11இன் 129 அல்லீலையும் சேர்த்தே ஜீனோடைப்பில் எழுதுகிறார்கள். இதே காரணத்தால்தான், ஒப்பிட +/+ எலி வேண்டுமென்றால் கடையில் பி6 வாங்காதீர்கள், ஒரே ஈத்தில் பிறந்த +/+ஐ எடுங்கள் என்று மூத்தவர்கள் நச்சரிப்பார்கள். ஒரே ஈத்து எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு வரும் பக்கத்து மரபணுவின் சிக்கல் தீராது, மற்றவையாவது தீரும்.

இல்லாவிட்டால் கருவே செத்துவிடும் மரபணுவை வளர்ந்த எலியின் கல்லீரலில் மட்டும் நீக்க வேண்டுமென்றால் கிரே-லாக்ஸ்பி என்ற முறை. லாக்ஸ்பி 34 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை. பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸிலிருந்து வந்தது. ஓர் எக்ஸானின் இருபுறமும் இதை வைத்தால், கிரே என்ற நொதி நடுவிலுள்ளதை வெட்டி எடுத்துவிடும். எக்ஸானின் இருபுறமும் லாக்ஸ்பி இருக்கும் பிரதிதான் எஃப்எல். எஃப்எல்/எஃப்எல் எலி தனியாக இருக்கும்வரை இயல்பாகவே இருக்க வேண்டும். அல்புமின் மரபணுவின் கட்டுப்பாட்டில் கிரே இயங்கும் எலியோடு கலந்தால் கல்லீரல் செல்களில் மட்டும் வெட்டு விழும். எஃப்எல்/எஃப்எல் பெண்ணை எஃப்எல்/+, கிரே உள்ள ஆணோடு சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி நமக்கு வேண்டியது. இங்கே வாலின் ஜீனோடைப் ஏமாற்றும். வால் எஃப்எல்/எஃப்எல் என்றுதான் காட்டும்; கல்லீரலோ −/−. வாலிலேயே வெட்டப்பட்ட பட்டை தெரிந்தால் கிரே வேண்டாத இடத்தில், ஒருவேளை விந்தணுவிலோ முட்டையிலோ இயங்கிவிட்டது. அந்த எலியை ஆய்வில் சேர்க்கக்கூடாது. கிரே மட்டும் உள்ள எலியையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும், கிரேயும் முழுக்கத் தீங்கற்றது அல்ல.

டிஎம்1ஏ, பி, சி, டி என்று வருவதும் இந்தக் குடும்பம்தான். டிஎம்1ஏ எலியில் மரபணுவை நிறுத்தும் துண்டும் லாக்ஸ்பியும் இரண்டுமே இருக்கும். நிறுத்தும் துண்டை நீக்கினால் சி, அதாவது சாதாரண எஃப்எல். சியில் கிரே வெட்டினால் டி. ஏவிலேயே கிரே வெட்டினால் பி. கட்டுரையில் டிஎம்1ஏவை வைத்துக்கொண்டு முழு நாக்அவுட் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், நிறுத்தும் துண்டு எல்லா உறுப்பிலும் முழுதாக நிறுத்துவதில்லை.

2013இல் ஒயிட்ஹெட் நிறுவனத்தில் யேனிஷ் குழு கிரிஸ்பர்-கேஸ்9ஐ நேரடியாகக் கருவுற்ற முட்டைக்குள் செலுத்தி, டெட்1, டெட்2 என்ற இரண்டு மரபணுக்களையும் ஒரே தடவையில் உடைத்தது. பிறந்தவற்றில் 80 சதவீதத்தில் நான்கு பிரதிகளுமே உடைந்திருந்தன. ஸ்டெம் செல், கைமேரா எதுவும் வேண்டாம். ஓராண்டுக்கு மேல் இழுத்த வேலை சில மாதங்களில் முடிகிறது. ஆனால் ஜீனோடைப் குழப்பம் அதிகம். கேஸ்9 வெட்டிய இடத்தைச் செல் அவசரமாக ஒட்டும்போது எத்தனை எழுத்து விடுபடும் என்பது ஒவ்வொரு பிரதிக்கும் வேறு. ஒன்றில் 8 எழுத்தும் மற்றதில் 11 எழுத்தும் போயிருந்தால் அதை −/− என்று சொல்லாமல் டெல்டா8/டெல்டா11 என்று எழுதுவதே நேர்மை. மூன்றின் மடங்காகப் போயிருந்தால் படிப்பு வரிசை கெடாது, சில அமினோ அமிலங்கள் மட்டும் குறைந்த புரதம் உயிரோடு இருக்கலாம். முட்டை இரண்டாகப் பிரிந்த பிறகும் கேஸ்9 வெட்டிக்கொண்டிருந்தால் ஒரே எலியின் உடலில் நான்கைந்து அல்லீல்கள் இருக்கும். அதனால் முதல் தலைமுறை எலியில் சோதனை செய்து கட்டுரை எழுதாமல், அதை இயல்பான எலியோடு கலந்து, பிறந்த குட்டியின் வரிசையைப் படித்து, ஒரு அல்லீலைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் எலிக்கு ஒன்றும் ஆகாமல் போவது உண்டு. மனிதரில் ஹெச்பிஆர்டி இல்லையென்றால் லெஷ்-நைஹன் நோய். குழந்தை தன் உதட்டையும் விரலையும் கடித்துக் குதறும். அதே மரபணு இல்லாத எலி சும்மா ஓடிக்கொண்டிருக்கும். தசையாக்கும் மயோடி இல்லாத எலி தசையோடுதான் பிறந்தது, ஏனென்றால் எம்ஒய்எஃப்5 என்ற இன்னொரு மரபணு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. இரண்டையும் நீக்கியபோதுதான் குட்டிகள் எலும்புத்தசை இல்லாமல் பிறந்து செத்தன.

கடைசியாக உங்கள் பத்து ஆண் எலிகள். +/− இரண்டைச் சேர்த்தால் −/− ஆக கால் பங்கு, அதில் ஆண் பாதி, எட்டில் ஒன்று. சராசரியாக 80 குட்டிகள், ஈத்துக்கு ஆறு முதல் எட்டு என்றால் பத்துப் பதிமூன்று ஈத்துகள். சராசரி என்பது பாதி நேரம் கீழே போகும், அதனால் நூறு குட்டிகளுக்குக் கூண்டு ஏற்பாடு செய்யுங்கள். −/− ஆணை +/− பெண்ணோடு சேர்த்தால் 40 குட்டி போதும். ஆனால் அந்த ஈத்தில் +/+ இருக்காது. +/− சகோதரர்களை இயல்பான எலியாக வைத்து ஒப்பிட முடியாது. பி53இல் ஒரு பிரதி குறைந்தவற்றில் சுமார் பாதிக்கு ஒன்றரை வயதுக்குள் கட்டி வந்துவிடுகிறது. +/+ஐத் தனியாக வளர்க்க வேண்டிவரும். பெண் −/−ஐ நம்பி இனப்பெருக்கத் திட்டம் போடாதீர்கள்: பெண் கருக்களில் ஒரு பகுதி மூளை மூடாமல் செத்துவிடும், பிறந்தவற்றுக்கும் கருத்தரிப்பு குறைவு. ஆண் −/−ஐயும் ஆறு, எட்டு வார வயதிலேயே இணைசேர்த்துவிடுங்கள். டோனஹோவரின் 1992 எலிகளில் 74 சதவீதத்துக்கு ஆறு மாதத்துக்குள் கட்டி வந்தது, பெரும்பாலும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். நான்காம் மாதம் வரை காத்திருந்தால் அப்பாவாக ஒரு நோயாளிதான் கிடைக்கும்.